மீன்குழம்பு இல்லாமல் சாப்பிடாத பிள்ளைகளுக்குக் காயும் பயறும் பிடிக்க என்ன செய்யலாம்?

கேள்வி நீளமாக இருந்தது, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். மூத்தவளுக்கு 7 வயது, இளையவனுக்கு 3. வாரத்தில் நாலைந்து நாளாவது காய், கீரை, பயறு என்று தாவர உணவாகவே சமைக்க நினைக்கிறார்கள், பழகிவிட்டால் முழுவதுமாக மாறிவிடலாம் என்ற யோசனையும் உண்டு. ஆனால் மூத்தவள் மீன்குழம்பு இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிடுகிறாள், இளையவன் பச்சை நிறத்தில் எது வந்தாலும் துப்புகிறான், மாமியாரோ "பிள்ள மெலிஞ்சு போச்சு, ரெண்டு மீன் பொரிச்சுக் குடு" என்று நிற்கிறார். பிள்ளைகள் அழாமல், விரும்பிச் சாப்பிட என்ன வழி?

இந்த மாவட்டத்துத் தாய்மாரோடு குழந்தைகளின் சாப்பாடு பற்றிப் பல வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மூத்தவள். அவள் மீனைத்தான் தேடுகிறாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் அவள் தட்டைச் சும்மா கவனியுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் சோற்றில் ஊற்றிப் பிசைந்து உண்பது குழம்பைத்தான், மீன்துண்டில் பாதி முள்ளோடு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். அந்தக் குழம்பில் என்ன இருக்கிறது? தேங்காய், மல்லி, வத்தல் (காய்ந்த மிளகாய்), மஞ்சள், நல்லமிளகு, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), புளி, மேலே தேங்காய் எண்ணெயில் தாளித்த கறிவேப்பிலை. அத்தனையும் மரத்திலும் செடியிலும் விளைந்தவை. அவள் நாக்கு பழகியிருப்பது அந்த அரைப்புக்கு. ஆகவே மீன் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து பருப்பும் ரசமும் மட்டுமே வைத்தால் அவள் பழகிய ருசி மொத்தமும் ஒரே நாளில் காணாமல் போகிறது, தட்டைத் தள்ளாமல் என்ன செய்வாள்?

அரைப்பை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே போடுவதை மாற்றுங்கள். பச்சை மாங்காயும் முருங்கைக்காயும் போட்டு, மீன் போடாமல், மீனுக்கு அரைக்கிற அதே அரைப்பில் குழம்பு வையுங்கள். முருங்கைக்காயும் மாங்காயும் நாம் மீன்குழம்பிலேயே போடுகிறவைதானே, அதனால் புதுக் குழம்பு மாதிரியே அவளுக்குத் தோன்றாது. சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) கிடைக்கிற காலத்தில் அதைத் தோல் சீவி இரண்டாகப் பிளந்து வேகவைத்து இதே குழம்பில் போட்டால் கடிக்க ஏதோ இருக்கிறது என்ற திருப்தி கிடைக்கும், மீன்துண்டு இல்லாத குறையைப் பிள்ளைகள் அவ்வளவாக உணர மாட்டார்கள். இன்னொரு நாள் தீயல். தேங்காயைக் கருகாமல், ஆனால் நன்றாக நிறம் மாறும்வரை வறுத்து, மல்லியும் வத்தலும் சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்து, சின்ன உள்ளியோ கத்தரிக்காயோ போட்டு வைக்கிற தீயலுக்கு ஈடாக ஒரு புலால் குழம்பும் இல்லை என்பது என் அபிப்பிராயம். வத்தலைக் குறைத்து வையுங்கள், அவ்வளவுதான்.

பொரித்த மீனுக்கும் இதே வழிதான். மிளகாய்ப்பொடி, நல்லமிளகு, மஞ்சள், பூண்டு, உப்பு எல்லாம் சேர்த்து மீனில் புரட்டுகிற அந்த மசாலை வட்டமாக அரிந்த ஏத்தங்காயிலும் (நேந்திரங்காயிலும்) கத்தரிக்காயிலும் சேனையிலும் புரட்டி, தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டு இருபுறமும் மொறுமொறுவென்று எடுங்கள். சேனையை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும். மஞ்சளும் கொஞ்சம் புளியும் போட்டு முதலில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு அப்புறம் மசால் புரட்டுங்கள். அரைகுறையாக வெந்த சேனை நாக்கிலும் தொண்டையிலும் அரிக்கும். ஒரு தடவை அரித்துவிட்டால் அந்தப் பிள்ளை சேனையைத் தொட ஐந்து வருடம் ஆகும்.

இப்போது இளையவன். 3 வயதில் பச்சையைக் கண்டு துப்புவது அவன் பிடிவாதமோ உங்கள் வளர்ப்பின் குறையோ கிடையாது. ஏறக்குறைய 2 வயதிலிருந்து 6 வயதுவரை புதிய உணவைக் கண்டு விலகுவது குழந்தைகளின் இயல்பு, தானாக நடந்து எதையும் எடுத்து வாயில் வைக்கத் தொடங்கும் வயதில் தெரியாததைத் தின்னாமல் இருப்பது அவர்களைக் காப்பாற்றுகிறது. அதோடு கசப்பும் அவர்களுக்கு நம்மைவிட அதிகமாகத் தெரியும். நமக்கு லேசாக இருக்கிற முருங்கைக்கீரையின் கசப்பு அவனுக்கு லேசாக இருக்காது. அதனால்தான் நம் ஊர்த் துவரன் ரொம்ப நல்ல ஏற்பாடு என்கிறேன். பொடியாக அரிந்த கீரையோ பயற்றங்காயோ, அதற்குச் சரிபாதி துருவிய தேங்காய். தேங்காயின் இனிப்பும் கொழுப்பும் கசப்பை அமுக்கிவிடும். சும்மா வேகவைத்து உப்புப் போட்ட காயை எந்த ஊர்ப் பிள்ளையும் விரும்பாது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பாவக்காயை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மத்தங்காய் (பூசணிக்காய்) எரிசேரி, கேரட் துவரன், சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி), இளசான வெள்ளரிக்காய் என்று இனிப்பும் மாவும் உள்ளவற்றில் தொடங்கி, பயற்றங்காய், பிறகு கீரை என்று போகலாம்.

எத்தனை தடவை கொடுத்தால் பிடிக்கும்? அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற உளவியலாளர் 1980-களிலிருந்து குழந்தைகளின் ருசி எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டது, ஒரு புது உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவைவரை அதைச் சுவைக்க வேண்டியிருக்கலாம் என்பது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மூன்றாவது தடவை துப்பியதுமே "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைப் பிள்ளை கேட்கும் இடத்தில் வைத்துச் சொந்தக்காரர்களிடமும் சொல்கிறோம், "எங்க மோன் கீரையே தொட மாட்டான்" என்று கொஞ்சம் பெருமையாகக்கூட. பிள்ளையும் அதை நம்பிவிடுகிறான். தயவுசெய்து இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் தடை செய்யுங்கள்.

சரி, தட்டில் எவ்வளவு வைப்பது? ஒரு சின்ன ஸ்பூன் போதும். தின்னாவிட்டால் பரவாயில்லை. நுனிநாக்கால் தொட்டுவிட்டுத் துப்பினாலும் அது ஒரு தடவைதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். துப்புவதற்கு ஒரு சின்னக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் தைரியமாக வாயில் போட்டுப் பார்ப்பான். இரண்டு நாள் விட்டு மறுபடி வையுங்கள். அப்படி வைக்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் நீங்கள் உங்கள் பாட்டுக்குச் சாப்பிட வேண்டும், இதுதான் கஷ்டம், ஆனால் இதுதான் வேலை செய்யும்.

எலின் சாட்டர் என்று ஒரு அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன முறை உலகம் முழுக்கக் குழந்தை ஆலோசனையில் பயன்படுகிறது. எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். அதில் எவ்வளவு தின்பது, தின்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் நம் வீடுகளில் இரண்டும் தலைகீழ். என்ன சமைப்பது என்று 3 வயதுப் பையன் முடிவு செய்கிறான், எத்தனை வாய் தின்ன வேண்டும் என்று பாட்டி முடிவு செய்கிறார். இதை நேராக்கினாலே பாதிச் சண்டை தீரும். இரவு மாங்காய்க் குழம்பு என்றால் மாங்காய்க் குழம்புதான், தனியாக முட்டை பொரித்துக் கொடுப்பதில்லை. ஆனால் மேசையில் அவனுக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்று, பப்படமோ தயிரோ ஒரு மட்டிப்பழமோ, கட்டாயம் இருக்க வேண்டும், பசியோடு எழுந்து போகிற நிலைமை வரக்கூடாது.

"கீரையைத் தின்னா மிட்டாய் தருவேன்" என்று பேரம் பேசாதீர்கள். அன்றைக்குக் கீரை உள்ளே போய்விடும், உண்மைதான். ஆனால் கீரை என்பது கூலி கொடுத்தால் மட்டுமே செய்ய வேண்டிய கஷ்டமான வேலை, மிட்டாய்தான் உயர்ந்தது என்று பிள்ளை படித்துக்கொள்கிறான், அப்படிப் பேரத்தில் தின்ற உணவின் மேல் விருப்பம் பிறகு குறைவதை ஆராய்ச்சிகளிலும் பார்த்திருக்கிறார்கள். வாயைப் பிடித்துத் திணிப்பதும் செல்போனைக் காட்டி ஊட்டுவதும் இதே வகைதான். செல்போனில் கண் இருக்கும்போது வாயில் என்ன போனது என்றே தெரியாது, தெரியாமல் தின்றது எப்படிப் பிடித்ததாக மாறும்? காயை அரைத்து மாவில் ஒளித்துக் கொடுப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கேரட்டைத் துருவிப் புட்டுக்கு நடுவில் போடுங்கள், முருங்கைக்கீரையை அடையில் சேருங்கள், அது சமையல், அதில் தப்பே இல்லை, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஏமாற்றிக் கொடுத்தது ஒரு நாள் தெரிந்தால் பிள்ளை அடையையும் சேர்த்தே சந்தேகப்படுவான்.

சாப்பாட்டு நேரத்தில் பசி இல்லாததுதான் பல வீடுகளில் உண்மையான நோய். பள்ளி விட்டு வந்ததும் ஒரு பஃப்ஸ், ஒரு பாக்கெட் சிப்ஸ், ஒரு டம்ளர் பால் சாயா, ஆறரைக்கு பிஸ்கட், இப்படிப் போனால் எட்டு மணிக்குத் துவரன் எப்படி இறங்கும்? நாலு மணிச் சாப்பாட்டைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன், ஏனென்றால் பிள்ளை நிஜமாகவே பசியோடு வருகிற நேரம் அது ஒன்றுதான். வேகவைத்த சிறுபயறில் தேங்காயும் கொஞ்சம் கருப்பட்டியும் போட்டு வையுங்கள், அவித்த நிலக்கடலை (இளையவனுக்கு நசுக்கி), அவித்த ஏத்தம்பழம், சீனிக்கிழங்கு, பனங்கிழங்கு வரும் தை மாதத்தில் பனங்கிழங்கு. அந்த நேரத்தில் சாயாவை நிறுத்தினால் இன்னொரு நன்மையும் உண்டு. கட்டஞ்சாயாவோ பால் சாயாவோ, தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. காலையில் புட்டும் பயறும் கொடுத்துக் கூடவே சாயாவும் கொடுத்தால் பயறின் இரும்புச்சத்தில் பெரும்பகுதி வீண். அந்த இடத்தில் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கொஞ்சம் மாங்காயோ வந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

பழம் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள், இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். நம் மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எத்தனையோ தலைமுறையாக இந்த மாவட்டத்தில் பச்சைக் குழந்தைகளுக்கு முதலில் கொடுக்கிற பழம் அது. செந்துளுவன், ஏத்தன், ரசகதலி, பாளையங்கோட்டான், சிங்கன் என்று நாகர்கோவில் வடசேரி சந்தையில் ஒரே கடையில் தொங்குகிற குலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்களா? மூத்தவளை ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள், உங்கள் பக்கத்தில் கருங்கல் சந்தையே போதும். அவள் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, இந்த வாரத்துக்கு இரண்டு காயும் ஒரு பழமும் அவளே பார்த்து வாங்கட்டும். விலை கேட்கட்டும், முற்றலா இளசா என்று நகத்தால் கீறிப் பார்க்கட்டும். அவள் வாங்கிய காயை அவளே உரித்தோ கிள்ளியோ கொடுத்தால் அன்றைக்கு அதைத் தம்பிக்குச் சிபாரிசு செய்வதே அவளாகத்தான் இருப்பாள். பிள்ளைகள் பெரியவர் சொல்வதைவிடப் பிள்ளைகள் தின்பதைப் பார்த்துத் தின்பார்கள். பர்ச் 1980-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஒரு காய் பிடிக்காத பிள்ளையை அது பிடித்த பிள்ளைகளோடு சில நாள் உட்கார வைத்தபோது தேர்வே மாறியது. வீட்டில் அக்காவுக்குப் பிடித்துவிட்டால் தம்பி தானாக வருவான், அதனால் உங்கள் உழைப்பின் பெரும்பகுதியை இப்போது மூத்தவள் மேல் போடுங்கள் என்பேன்.

கன்னியாகுமரியில் இருக்கும் அரசு பழத்தோட்டத்துக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். மரத்தில் காய்த்துக் கிடப்பதைப் பார்ப்பது தட்டில் பார்ப்பதிலிருந்து வேறு. வீட்டில் இடம் இருந்தால் ஒரு பயற்றங்கொடி போதும், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய்க்கும். 3 வயதுப் பையனுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி, பூ வந்ததா என்று பார்க்கிற வேலையைக் கொடுங்கள்.

சக்கை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் தொடங்கி ஆனி, ஆடி வரை நம் மேற்குப் பகுதியில் சக்கை விழுந்து அழுகுகிறது, அதே வாரம் பிள்ளைகளுக்குக் கடையில் சிக்கன் வாங்கிக் கொடுக்கிறோம். இளஞ்சக்கையை (இடிச்சக்கை என்போம்) வேகவைத்து நசுக்கித் தேங்காய் போட்டுத் துவரன் வைத்தால் நார்நாராக, கடித்துத் தின்ன இறைச்சி மாதிரியே இருக்கும், மீனும் கோழியும் பழகிய பிள்ளைகள் முதலில் ஒத்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். விளைந்த சக்கையில் அவியல், பழுத்ததில் சும்மாவும் தின்னலாம், தெரளி இலையில் அப்பமும் அவிக்கலாம். இளையவனுக்கு வருக்கைச் சுளையை முழுதாகக் கொடுக்காதீர்கள், வழுக்கித் தொண்டையில் அடைக்கும், நீளமாகக் கிழித்துக் கொடுங்கள். முழு நிலக்கடலை, முழு அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு), முழுத் திராட்சை எதுவும் 5 வயதுக்குள் வேண்டாம், பொடித்தோ அரிந்தோ கொடுக்கலாம்.

இதில் ஒரு நல்ல சந்தர்ப்பமும் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டாகப் பிரிந்து வரும். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகாது. வள்ளங்கள் பிடித்து வருவது கிடைக்கும், ஆனால் விலை ஏறியிருக்கும், வகையும் குறைவு. சக்கையும் மாங்காயும் மலிவாகக் கிடைக்கிற காலமும் ஏறத்தாழ இதுவே. வீட்டில் மாற்றம் தொடங்க இதைவிட நல்ல நேரம் இல்லை, "மீன் ஏன் இல்லை" என்ற கேள்விக்குப் பிள்ளைக்குப் புரிகிற உண்மையான பதிலும் கையில் இருக்கும். கடலில் மீன் குஞ்சு பொரிக்கிற காலம், படகுகளுக்கு ஓய்வு, அதுவரை நாம் சக்கை தின்போம் என்று சொல்லலாம். அப்புறம் நம் ஊரில் எந்தச் சமயத்தவர் வீட்டிலும் புலால் இல்லாத நாட்கள் புதிது கிடையாது. தவக்காலம் இருக்கிறது, சபரிமலைக்கு மாலை போடுகிற கார்த்திகை, மார்கழி இருக்கிறது, சாமிதோப்பு அய்யா வைகுண்டரின் வழியைப் பின்பற்றுகிறவர்களுக்கு அவர்களுடைய வழிபாட்டிடங்களான பதியிலும் நிழல்தாங்கலிலும் கொடுக்கிற அன்னம் இருக்கிறது. ஓணத்துக்கு இலை போட்டு அவியல், எரிசேரி, இஞ்சிப் பச்சடி, பிரதமன் என்று பரிமாறும்போது எந்தப் பிள்ளையாவது மீன் கேட்டு அழுகிறதா? இலையில் பல நிறமும் பல ருசியும் இருந்தால் மீன் நினைவே வருவதில்லை. தினமும் சத்யை சமைக்க முடியாது, தெரியும், ஆனால் ஒரே ஒரு கூட்டுக்குப் பதிலாக இரண்டு சின்னக் கூட்டு வைக்கலாம், அதில் ஒன்று நேற்றைய மிச்சமாகக்கூட இருக்கலாம்.

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது உண்டு. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா 1880-85 ஆட்சிக்காலத்தில் ஊக்கப்படுத்தி வளர்த்த பயிர் அது, இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது நம் முன்னோர் உயிர் வாழ்ந்தது அதில்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அது கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து, 100 கிராமில் புரதம் ஒன்றிரண்டு கிராம்தான். கிழங்கும் மீனும் என்று நம்மவர்கள் சேர்த்துத் தின்றதற்கு அர்த்தம் இருந்தது, கிழங்கில் இல்லாததை மீன் கொடுத்தது. மீனை எடுத்துவிட்டுக் கிழங்கும் வத்தல் சம்மந்தியும் மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தால் வயிறு நிறையும், வளர்ச்சி நிற்கும். கிழங்கு மயக்கும் (வேகவைத்து மசிக்கும்) நாளில் கூடவே பெரும்பயறோ கடலைக்கறியோ கட்டாயம் வையுங்கள். கிழங்கை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள், அதில் இறங்குகிற நச்சுப்பொருள் பிள்ளைகளுக்கு ஆகாது.

புரதத்தைப் பற்றி மாமியார் கவலைப்படுவது நியாயம்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் குறையும். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 7 முதல் 9 வயதுக்குச் சுமார் 23 கிராம். ஒரு சின்னக் கைப்பிடி, அதாவது 30 கிராம் உலர்ந்த பயறில் 7 கிராம் இருக்கிறது. அரிசி, கேழ்வரகு, நிலக்கடலை, தயிர் எல்லாம் சேர்ந்தால் எட்டிவிடலாம். அரிசியில் குறைகிற அமினோ அமிலம் பயறில் இருக்கிறது, பயறில் குறைவது அரிசியில் இருக்கிறது, கஞ்சியும் பயறும் என்று நம் ஊரில் சேர்த்தது அந்த வகையிலும் சரியான சேர்க்கை. காய், கீரை, பழத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன அளவு 2 முதல் 5 வயதுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 350 கிராம், மரச்சீனி, காச்சில் போன்ற கிழங்குகள் இந்தக் கணக்கில் வராது. இரண்டு பழம், நாலு மணிக்கு வெள்ளரிக்காய், மதியம் இரவு துவரன் என்று பிரித்தால் அந்த அளவு பெரிதாகத் தெரியாது. இன்றைக்கே அங்கே போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்படவும் வேண்டாம்.

மெலிந்து போவது பற்றி. தாவர உணவு நார் நிறைந்தது, சின்ன வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும், ஆனால் சக்தி குறைவாகப் போயிருக்கும். ஆகவே பிள்ளைகளின் சாப்பாட்டில் தேங்காய், நிலக்கடலைப் பொடி, நல்லெண்ணெய், எள் ஆகியவற்றைத் தாராளமாகச் சேருங்கள், பெரியவர்கள் எடை குறைக்கச் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துவராது. ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி மட்டும் கொடுக்கிறவர்கள் அதோடு வறுத்த சிறுபயறையும் பொடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கன்வாடியில் மாதாமாதம் இளையவனின் எடையைப் போட்டு அட்டையில் குறித்து வாருங்கள். கோடு மேலே போகிறதென்றால் மெலிந்துவிட்டான் என்ற பேச்சுக்கு நீங்களே பதில் காட்டலாம். மாமியாரோடு வாதாடுவதைவிட அவரிடம் வேலையைக் கொடுப்பது நல்லது. துவரனுக்கு அரிவதும் தீயலுக்குத் தேங்காய் வறுப்பதும் அவர் கைக்குத்தான் வரும், பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள், முந்திரிக்கொத்து பிடிக்கிற நாளில் சிறுபயறு மாவை உருட்ட இரண்டு பிள்ளைகளையும் விடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார் இருந்தால் உங்களுக்கு இப்போதே தொடங்க வழி இருக்கிறது. தாய் உண்கிற உணவின் ருசி பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் கலக்கிறது. 2001-ல் ஜூலி மென்னெல்லாவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள் கேரட் ருசியுள்ள கஞ்சியை மற்றவர்களைவிட எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். பல வகைக் காயும் நீங்கள் தின்னுங்கள்.

கடைசியாக, முழுவதுமாக மாறும் யோசனை பற்றி. இதில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். வாரத்தில் இரண்டு நாள் மீன் இருக்கும்வரை பெரிய கவலை இல்லை. மீனை முற்றிலும் நிறுத்தினால் மூன்று விஷயம் உடனே பார்க்க வேண்டும். பி12 வைட்டமின் தாவர உணவில் நம்பும்படியாகக் கிடைக்காது, பால், தயிர், முட்டையில் ஓரளவு கிடைக்கும். அவற்றையும் விட்டால் மருத்துவர் சொல்கிற அளவில் சொட்டு மருந்தோ மாத்திரையோ தவறாமல் கொடுத்தே ஆக வேண்டும், பி12 குறைந்தால் இரத்தமும் நரம்பும் சேர்ந்து பாதிக்கப்படும், வளரும் மூளைக்கு அது திரும்பாத சேதமாகக்கூட ஆகலாம். இரண்டாவது அயோடின். மீன் தின்னும்வரை அது கடலிலிருந்தே வந்துகொண்டிருந்தது. நம்மில் பலர் புத்தளம் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பு வாங்குகிறோம், அதில் அயோடின் சேர்க்காமலும் இருக்கலாம், மீனை நிறுத்தினால் கவரில் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட உப்புக்கு மாறிவிடுங்கள். மூன்றாவது கால்சியம். பால் இருந்தால் பிரச்சினை இல்லை, பால் இல்லாத வீட்டில் கேழ்வரகு தினமும் ஒரு வேளையாவது இருக்கட்டும், 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, கூடவே எள்ளும் முருங்கைக்கீரையும். மாறுவதற்கு முன்னால் ஒரு தடவையும், மாறி ஆறு மாதம் கழித்து ஒரு தடவையும் குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபினும் பி12-ம் பார்த்துவிடுங்கள். இளையவனுக்கு 5 வயது முடிகிறவரையாவது பாலும் தயிரும் அவன் தட்டில் இருக்கட்டும் என்பது என் யோசனை.